சுண்டுவிரல் நகத்தளவு நெகடிவ்

மினாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் உளவாளிதான் நினைவுக்கு வருவார். மேசையில் விரித்து வைத்த ரகசியக் கோப்பு, உள்ளங்கையில் மறைந்துவிடும் ஓர் உலோகப் பட்டை, அதை இழுத்துத் தள்ளும்போது எழும் மெல்லிய சத்தம். சினிமாவும் துப்பறியும் நாவல்களும் மனத்தில் பதித்துவிட்ட காட்சி இது. பொய்யான காட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கேமராவின் வரலாற்றில் பாதிக்கு மேல் கண்ணில் படாமல் போய்விடும். 35 மில்லிமீட்டர் பிலிமைவிடச் சிறிய பிலிமில் படமெடுக்கும் குறுங்கேமராக்களின் கதை, கோப்பு அறைகளில் நடந்ததைவிட வீட்டுச் சமையலறைகளிலும் குளியலறைகளிலும்தான் அதிகம் நடந்தது. அங்கே ஒரு கிண்ணத்தில் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, கடிகாரத்தை வைத்து நிமிடம் எண்ணி, பிலிம் கழுவியவர்களின் பொறுமையில்தான் அந்தக் கேமரா உயிர்வாழ்ந்தது. அந்தப் பொறுமை கிடைக்காத இடங்களில் அது பொம்மையாகிப்போனது, அல்லது கடையைவிட்டே மறைந்தது. இதை வெறும் உணர்ச்சிப் பேச்சாகச் சொல்லவில்லை. கணக்கும் வேதியியலும் சந்தை வரலாறும் ஒரே பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

முதலில் கணக்கு. மினாக்ஸ் நெகடிவ் 8 மில்லிமீட்டர் அகலம், 11 மில்லிமீட்டர் நீளம். ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் நகம். வழக்கமான 35 மில்லிமீட்டர் நெகடிவ் 24க்கு 36. பரப்பை ஒப்பிட்டால் 88 சதுர மில்லிமீட்டருக்கு எதிரே 864. ஒரே பிலிம், ஒரே டெவலப்பர், ஒரே கைப்பக்குவம் என்றாலும், ஒரு முகத்தைப் பதிய வைக்கக் குறுங்கேமராவுக்குக் கிடைக்கும், படத்தை உருவாக்கும் வெள்ளி மணிகள் பத்தில் ஒரு பங்குதான். 9க்கு 13 சென்டிமீட்டர் அளவில், அஞ்சலட்டை போன்ற சாதாரணப் பிரிண்ட் போடுவதற்கே மினாக்ஸ் நெகடிவைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். 35 மில்லிமீட்டருக்கு நான்கு மடங்குகூடத் தேவையில்லை. நெகடிவில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிரிண்டில் அது கால் மில்லிமீட்டர் கோடாக விழும். சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெரியாது. மினாக்ஸ் பிரிண்டில் அதே முடி முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டிய தடித்த கோடாகி, ஒரு குழந்தையின் முகத்தில் வெட்டுத் தழும்பு போல நிற்கும். தூசி, கீறல், காய்ந்த நீர்த்துளியின் சுண்ணாம்புக் கறை, விரல் ரேகை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பெரிய நெகடிவ் மன்னித்துவிடும் பிழைகளைச் சின்ன நெகடிவ் ஊருக்கே காட்டிவிடும்.

இந்தக் கேமராவை வடிவமைத்தவருக்கு இது தெரியாமல் இல்லை. 1905இல் ரீகாவில் பிறந்த வால்டர் ஸாப், எஸ்டோனியாவின் தாலின் நகரில் புகைப்படக்காரரிடம் தொழில் பழகியவர். இருட்டறையின் வேலை அவருக்குக் கைப்பழக்கம். மரக்கட்டையைச் செதுக்கி, உள்ளங்கையில் அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் அளவை முடிவு செய்தார். ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட, லாட்வியாவின் அரசு மின்தொழில் ஆலையான வி.இ.எஃப். 1936இல் அதை ஏற்றுக்கொண்டது. 1938இல் ரீகாவில் உற்பத்தி தொடங்கியது. எஃகு உறை, 15 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு பிலிம் பெட்டியில் 50 படங்கள். போர் வந்து அந்த ஊரைச் சோவியத் படையும் ஜெர்மன் படையும் மாறி மாறிப் பிடித்தன. அத்தனைக்கும் நடுவே சுமார் 17,000 கேமராக்கள் அந்த ஆலையிலிருந்து வெளிவந்தன. கேமராவோடு சேர்த்து அந்த ஆலை வேறு எதையெல்லாம் விற்றது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு கழுவும் தொட்டி, அதற்கென்றே ஓர் என்லார்ஜர். எல்லோரும் பையில் போட்டுக்கொண்டு திரியும் கேமராவைத்தான் ஸாப் மனத்தில் வைத்திருந்தார். அந்த ‘எல்லோரும்’ நெகடிவைத் தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்தால் வேலைக்காகாது என்பது வடிவமைப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கேமராவின் உள்ளேயும் அதே எச்சரிக்கை தெரிகிறது. பிலிம் நகரும்போது அதை அழுத்தும் தட்டு பின்வாங்கிக்கொள்ளும். கீறல் விழக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. போருக்குப் பின் ஜெர்மனியில் மீண்டும் செய்யத் தொடங்கியபோது, லென்ஸின் குணத்துக்கு ஏற்ப பிலிமையே வில்போல் வளைத்துப் பிடித்தார்கள்.

லென்ஸின் துளை மட்டும் மாறாது. எப்போதும் 3.5தான். எனவே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த ஷட்டர் வேகமும் ஒரு சாம்பல் வடிகட்டியும் மட்டுமே கையில் இருந்தன. இதனால் வெளிச்சக் கணக்கு தப்பினால் தப்பியதுதான். அதிக வெளிச்சம் விழுந்த நெகடிவில் மணிகள் தடித்துவிடும். ஆகவே படமெடுப்பவரே கழுவுபவராகவும் இருந்தால், எந்தப் பெட்டி வெயிலில் எடுத்தது, எது மங்கலான அறையில் எடுத்தது என்று தெரிந்து, நிமிடத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். முன்பின் தெரியாத லேப் ஊழியருக்கு அது எப்படித் தெரியும்?

இனி வேதியியலுக்கு வருவோம். மணியை மெலிதாக்கும் அறிவு குறுங்கேமராவுக்காகப் பிறந்ததில்லை. லைக்கா என்ற 35 மில்லிமீட்டர் கேமரா 1925இல் சந்தைக்கு வந்தபோது அதன் 24க்கு 36 நெகடிவையே ‘இவ்வளவு சின்னதா’ என்று தொழில்முறைப் படக்காரர்கள் ஒதுக்கினார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சினிமா நெகடிவுகளுக்காகக் கோடக் உருவாக்கிய டி-76 என்ற டெவலப்பர் லைக்காக்காரர்களின் கைக்கு வந்தது. அதன் சூட்சுமம் சோடியம் சல்பைட். லிட்டருக்கு 100 கிராம் என்ற கனத்த அளவில் அது வெறும் பாதுகாப்புப் பொருளாக நிற்காது. வெள்ளி உப்பின் விளிம்புகளை மெல்லக் கரைத்து மணிகளைத் தேய்க்கும். 1944இல் வெளியான டி-23 இதை இன்னும் எளிமையாக்கியது. மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், இவை கரையத் தண்ணீர் ஒரு லிட்டர். அவ்வளவுதான். நல்ல தராசும் ஒரு ஜாடியும் இருக்கும் எந்த வீட்டிலும் கலக்கலாம். ஆனால் சும்மா எதுவும் கிடைப்பதில்லை. மணி தேயத் தேய பிலிமின் வேகமும் குறையும், உருவத்தின் விளிம்பும் வெண்ணெய் போல மழுங்கும். இதற்கு எதிரான வழியை 1950களின் ஜெர்மன் பழக்கம் காட்டியது. மெல்லிய பூச்சுள்ள, வேகம் குறைந்த பிலிமை எடுத்துக்கொள். மணியை டெவலப்பரில் கரைக்காதே. ரோடினால் போன்ற பழைய சரக்கை நிறைய நீர்விட்டு, அதிகம் ஆட்டாமல் கழுவு. 1891இலிருந்து விற்பனையில் இருந்த ஒரு திரவம் இப்படிக் குறுங்கேமராவின் துணையாக மறுபிறவி எடுத்தது. மணி கொஞ்சம் தெரியும். ஆனால் கண் இமை இமையாகத் தெரியும். எந்த வழி நல்லது என்ற வாதம் தீரவே இல்லை. அது தீராததே, இந்த வேலை ஆலைக்குரிய ஒரே சூத்திரத்துக்குள் அடங்கவில்லை என்பதற்குச் சான்று.

கழுவும் தொட்டியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். உருளை வடிவில், கையில் பிடிக்கும் அளவில் ஒரு கறுப்புப் பாத்திரம். பிலிம் பெட்டியைத் திறக்க இருட்டறைகூட வேண்டாம். பட்டையின் நுனியை வெளியே இழுத்து, உள்ளிருக்கும் சுருள் பள்ளத்தின் கவ்வியில் மாட்டி, மூடியை இறுக்கிச் சுழற்றினால், ஒளிபுகாத மூடிக்குள்ளேயே பிலிம் பெட்டியிலிருந்து பிரிந்து பள்ளத்தில் ஏறிக்கொள்ளும். ஊற்ற வேண்டிய திரவம் 60 மில்லிக்கும் குறைவு. பாதி டீ கிளாஸ். நடுவே செருகும் வெப்பமானியை மேலும் கீழும் அசைத்தால் அதுவே திரவத்தைக் கலக்கியும் விடும். சூட்டைக் காட்டும் பொருளே துடுப்பாகவும் ஆகிறது. இதைச் செய்தவர் சமையலறை மேடையில் பிலிம் கழுவும் மனிதரைக் கண்முன் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். 50 படங்களின் பரப்பையும் சேர்த்தால் 44 சதுர சென்டிமீட்டர்தான். ஒரு மாத நடமாட்டம் முழுக்க உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எனவே அந்தப் பாதி கிளாஸ் போதும். கழுவி முடித்ததும் கீழே கொட்டிவிட்டு அடுத்த முறை புதிதாகக் கலக்கலாம். பெரிய லேப்களில் ஒரே தொட்டித் திரவத்தில் நாள் முழுக்கப் பிலிம்கள் இறங்கி ஏறும். திரவம் களைத்துப்போக, மேலே கொஞ்சம் ஊற்றித் தேற்றுவார்கள். வீட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் புதுத் திரவம். சூடும் அப்படித்தான். 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, கடைசி அலசல் வரை 20 டிகிரியாகவே இருக்க வேண்டும். நடுவில் சட்டென்று மாறினால் ஜெலட்டின் படலம் உப்பிச் சுருங்கி வெடித்த வயல் போலாகிவிடும். கோடையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் நம் ஊர்களில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தொட்டி இல்லாத கேமராவுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1937இல் வந்த மிட்ஜெட் தொடங்கி, போருக்குப் பின் அமெரிக்கப் படை தங்கியிருந்த ஆண்டுகளில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்ற முத்திரையோடு ஏற்றுமதியான ஹிட் வகைக் கேமராக்கள் வரை, தீப்பெட்டி அளவில் நிறைய வந்தன. அவை 17.5 மில்லிமீட்டர் அகலமுள்ள, காகிதம் ஒட்டிய சுருளில் 14க்கு 14 படம் எடுத்தன. பரப்பு 196 சதுர மில்லிமீட்டர். மினாக்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். வெறும் அளவுதான் தரத்தை முடிவு செய்யும் என்றால் இவை மினாக்ஸை வென்றிருக்க வேண்டும். ஆனால் நினைவுப் பொருளாக வாங்கப்பட்டு, ஒன்றிரண்டு சுருள் ஓடியபின் அலமாரிக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவற்றின் லென்ஸ் எளிய ஒற்றைக் கண்ணாடிதானே, பழியைக் கழுவுதல்மேல் போடுவது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லென்ஸின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் லென்ஸ், மென்மணிப் பிலிம், தொட்டி, என்லார்ஜர் நான்கும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை மலிவாக்கியவர்கள் மற்ற மூன்றைப் பற்றியும் கவலைப்படவில்லை. அதே ஜப்பானில் அந்தச் சங்கிலியை மதித்த மாமியா 16, மினோல்டா 16 போன்றவை பல ஆண்டுகள் நிலைத்தன. அவை 16 மில்லிமீட்டர் சினிமா பிலிமையே பயன்படுத்தியதால், சொந்தக்காரர்கள் பெட்டியைத் தாங்களே நிரப்பித் தாங்களே கழுவ முடிந்தது. சோவியத் நாட்டில் கீவ் நகரின் ஆர்செனல் ஆலை மினோல்டாவைப் பின்பற்றிச் செய்த கீவ்-வேகாவும், பின்னால் வந்த கீவ்-30ம் அதே வழியில் வீட்டுத் தொட்டிகளை நம்பியே ஓடின.

இப்போது உளவாளியின் பக்கம் நின்று பேசுபவர்களுக்கு வருவோம். ஓலெக் பென்கோவ்ஸ்கி என்ற சோவியத் ராணுவ உளவு அதிகாரி 1961, 1962இல் மினாக்ஸால் ரகசிய ஆவணங்களைப் படமெடுத்து மேற்கு நாடுகளுக்குக் கொடுத்தார். 1963இல் மரண தண்டனைக்கு உள்ளானார். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அவர் தந்த தகவல்கள் பயன்பட்டன. இந்தப் புகழ் இல்லாவிட்டால் மினாக்ஸ் இத்தனை காலம் விற்றிருக்குமா என்பது ஒரு வலுவான எதிர்வாதம். புகழ் விற்பனைக்கு உதவியது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் உளவு வேலை இந்த நெகடிவுக்கு எளிதான தேர்வு என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்து; 20 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பிடிக்க லென்ஸ் இடம் கொடுக்கிறது; கேமராவின் சங்கிலியே தூரத்துக்கு அளவுகோல். எழுத்தைப் படிக்க முடிந்தால் வேலை முடிந்தது. மணி தடித்திருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? கழுவியதும் பெரிதாக்கியதும் உளவு நிறுவனங்களின் கைதேர்ந்த தொழில்நுட்பர்கள். ஒரு தாயின் கன்னத்தில் வெளிச்சம் சாம்பல் நிறங்களாக இறங்கும் நெகடிவ்தான் கடினமான தேர்வு. அந்தத் தேர்வை எழுதியவர்கள் பெயரில்லாத வீட்டுக்காரர்கள். உளவாளிகள் எத்தனை பேர் இருந்திருந்தாலும், இத்தனை பத்தாண்டுகள் பிலிமும் தொட்டியும் டெவலப்பரும் விற்கும் சந்தை அவர்களால் மட்டும் நின்றிருக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மினாக்ஸ் வைத்திருந்த பலர் தாங்கள் கழுவவே இல்லை. தபாலில் லேப்புக்கு அனுப்பினார்கள். உண்மை. ஆனால் எந்த லேப்புக்கு? மினாக்ஸ் பிலிமுக்கென்றே தனிக் கருவிகள் வைத்திருந்த, அதையே தொழிலாகச் செய்த லேப்களுக்கு. அவை வீட்டுத் தொட்டியின் கவனத்தைக் கூலிக்குச் செய்து கொடுத்த இடங்கள். சாதாரண லேப்பிடம் விட்டால் என்ன நேரும் என்பதைக் கோடக் நிறுவனமே இரண்டு முறை சோதித்துப் பார்த்தது. 1972இல் வந்த 110 வகைப் பிலிம் 13க்கு 17 அளவு. மினாக்ஸைப் போல இரண்டரை மடங்கு. கோடிக்கணக்கான கேமராக்கள் விற்றன. என் வாதத்துக்கு இது இடைஞ்சலான உதாரணம்தான். பொதுஜன லேப்பை நம்பிய சின்ன நெகடிவும் சந்தையில் வெல்ல முடியும் என்று அது காட்டியது. ஆனால் வென்றது கேமராவில் பிலிம் ஏற்றும் சுலபம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் படங்கள் சிறிய பிரிண்டைத் தாண்டவில்லை, தாண்டினால் மங்கின.

அடுத்த சோதனை இன்னும் தெளிவானது. 1982இல் கோடக் கொண்டுவந்த டிஸ்க் பிலிம், வட்டத் தட்டின் விளிம்பில் 15 நெகடிவ்கள். ஒவ்வொன்றும் சுமார் 8க்கு 10.5 மில்லிமீட்டர். மினாக்ஸ் நெகடிவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. பிலிம் தட்டையாக நிற்கத் தடித்த அடித்தளம், நல்ல லென்ஸ், கேமராவுக்குள்ளேயே மின்கலமும் பிளாஷும் எல்லாம் கொடுத்தார்கள். பிரிண்ட் போட ஆறு கண்ணாடிகள் கொண்ட தனி லென்ஸையும் கோடக் பரிந்துரைத்தது. லேப்களில் பல அதை வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த மூன்று கண்ணாடி லென்ஸிலேயே அடித்துக் கொடுத்தன. வாடிக்கையாளர் கண்டது கலங்கிய படம். 1988இல் கேமரா உற்பத்தி நின்றது; பிலிமும் அடுத்த பத்தாண்டில் போய்விட்டது. டிஸ்க் பிலிம் வண்ணப் பிலிம், வேகமும் அதிகம், எனவே மணியும் அதிகம். மினாக்ஸின் மெதுவான கறுப்பு வெள்ளையோடு நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நெகடிவில் இருந்தது பிரிண்டில் வராமல் போனது இருட்டறையில்தான். தன் படத்தைத் தானே பெரிதாக்குபவர் லென்ஸில் அந்தச் சிக்கனத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆலைகள் கைவிட்ட பிறகும் இந்த வேலை நிற்காததற்குக் காரணமும் இதுவே. மினாக்ஸ் பிலிமின் அகலம் சுமார் 9.2 மில்லிமீட்டர், ஓட்டை கிடையாது. 35 மில்லிமீட்டர் பிலிமில் இருபுற ஓட்டை வரிசைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அதில் இரண்டு மினாக்ஸ் பட்டைகள் எடுக்கலாம். ஆர்வலர்கள் ஒரு கட்டையில் சவர பிளேடுகளைச் சரியான இடைவெளியில் பதித்து, முழு இருட்டில் பிலிமை அதன் வழியே இழுத்துக் கிழிக்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பெட்டியில் சிக்கும். வெட்டிய விளிம்பின் துகள் உதிர்ந்தால் மேலே சொன்ன தலைமுடிக் கதைதான். ஆவணம் படமெடுக்கும் மைக்ரோபிலிமையும் இப்படி வெட்டுகிறார்கள். அதன் மணி மிக மெல்லியது, ஆனால் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டும் முரட்டுப் பிலிம். அதை வழிக்குக் கொண்டுவர, 1960களில் எழுதப்பட்ட போட்டா என்ற சூத்திரம் உதவுகிறது: ஃபெனிடோன் 1.5 கிராம், சோடியம் சல்பைட் 30 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். கடையில் புட்டியில் அடைத்து விற்கத் தோதில்லாத இப்படிப்பட்ட திரவம் வீட்டு மேடையில்தான் பிழைக்கும்.

ஸாப் 2003இல், தன் 97ஆம் வயதில், சுவிட்சர்லாந்தில் காலமானார். அவருடைய கேமராக்கள் இன்று ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அருங்காட்சியகங்களில் உளவுக் கருவி என்ற பெயரட்டையோடு கண்ணாடிக்குள் இருக்கின்றன. தொட்டியைத்தான் காணோம். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பாத்திரத்தையும், நிமிடமும் சூடும் குறித்த நோட்டையும், அதன் நடுவே செருகியிருக்கும் நகத்தளவு நெகடிவ் பட்டைகளையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால், கேமராவை மட்டும் பிரித்து விற்றுவிடாதீர்கள். தொட்டியும் நோட்டும் நெகடிவும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும்.